தையல்காரன் கையில் பல்நூல்

நூலைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஹட்டன் கடைவீதியில் 31 வருடமாகத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பாடசாலைச் சீருடை, திருவிழாவுக்கு ரவிக்கை, தோட்டத்து உத்தியோகத்தர்களுக்குக் காற்சட்டை என்று நூல் ஓடாத நாளே இல்லை. எந்த நூல் ஊசிக்காதில் பிசிறும், எது இரண்டு சலவையில் தையலைக் கைவிடும் என்பதை விரல் நுனியாலேயே சொல்லிவிடுவேன். அதனால்தான் கொழும்பில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் தைப்பொங்கலுக்கு வந்தபோது தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நீட்டி, “அப்பா, இது பல்லுக்கு நூல், 850 ரூபாய்” என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சும்மா வாங்கி வரவில்லை. முந்தைய தடவை வந்திருந்தபோது ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்ட கையோடு நான் தையல் ஊசியால் பல் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். கீழ்த்தாடையில் வலப்பக்கம், பிடுங்கிய பல்லுக்குப் பின்னால் ஒரு சந்து. இறைச்சி நார், கீரைத் தண்டு, சம்பலில் இருக்கும் தேங்காய்ப்பூ எல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். ஊசி இல்லாவிட்டால் அன்றைய தூக்கம் போய்விடும்.

இந்த மதிப்பீடு மூன்று பொருள்களையும் ஒரு பல் வைத்தியசாலையையும் பற்றியது. முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மகள் பஸ் ஏறியதும் டப்பாவை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்து, கடையில் இருந்த பொலியெஸ்டர் நூலில் ஒரு முழம் எடுத்தேன். பொத்தான் தைப்பதற்கு முன் நூலை மெழுகுவர்த்தித் துண்டில் ஓட்டி எடுப்போமே, அப்படி ஓட்டினேன். பல்லும் பல்லும் தொடும் இடத்தில் அது முதலில் போக மறுத்தது. அழுத்தினேன். ‘டக்’ என்று இறங்கி முரசை வெட்டிவிட்டது. ஈறு என்று புத்தகத்தில் எழுதுவதை எங்கள் பக்கத்தில் முரசு என்போம். வாஷ் பேசின் சிவந்து போனது. இரண்டு நாளுக்குச் சோற்றில் உறைப்புச் சேர்க்க முடியவில்லை.

பிறகு இரண்டு நூலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தையல் நூல் இறுக்கமாக முறுக்கியது, உருண்டையானது, துணியைத் துளைத்துக்கொண்டு போவதற்கென்றே செய்தது. பல்நூலில் முறுக்கே இல்லை என்று சொல்லலாம். மெல்லிய நைலோன் இழைகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன, மேலே மெழுகு. பல்லில் அழுத்தினால் நாடா போலத் தட்டையாகிப் பரவுகிறது. இந்த வேலைக்கு அப்படிப் பரவும் நூல்தான் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பட்டு நூலைத்தான் பயன்படுத்தினார்களாம். அமெரிக்காவில் லெவி ஸ்பியர் பார்ம்லி என்ற பல் வைத்தியர் 1819இலேயே மெழுகிட்ட பட்டு நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறார். நைலோன் பின்னால் வந்தது. பட்டுக்கு என்ன விலை என்று தெரிந்தவன் என்பதால் நைலோனுக்கு நன்றி சொல்கிறேன்.

இனி டப்பா. உள்ளே 50 மீட்டர் சுருள், மூடியில் சின்ன வெட்டுத் தகடு. ஒரு தடவைக்கு 45 சென்டிமீட்டர் வேண்டும், என் முழங்கை மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை வரும் அளவு. கணக்குப் போட்டால் 111 நாள் ஓடும், நாளொன்றுக்கு ஏழரை ரூபாய்க்குச் சற்றுக் கூட. பிளேன்டீயை விட மலிவு. புதினா மெழுகு பூசியிருப்பதால் இறுக்கமான சந்தில்கூட வழுக்கிக்கொண்டு போகிறது. குறை, அந்த வெட்டுத் தகடு. மூன்றாம் மாதத்திலேயே மழுங்கிவிட்டது. நூலை இழுத்தால் வெட்டாமல் நசுக்குகிறது, மூடியும் கூடவே பெயர்ந்து வருகிறது. நான் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்கிறேன், மற்றவர்கள் என்ன செய்வார்களோ. பெட்டியில் ஒட்டியிருந்த செய்முறைப் படமும் போதாது. அதைப் பார்த்தால் மரம் அறுப்பது போல மேலும் கீழும் இழுக்கத் தோன்றும். சரியான முறையைப் பிறகு டொக்டர்தான் காட்டினார். நூலின் பெரும்பகுதியை ஒரு நடுவிரலில் சுற்ற வேண்டும், மறு நடுவிரலில் கொஞ்சம். இடையில் இரண்டு விரல்கடை நூலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் விறைப்பாகப் பிடித்து மெல்ல அசைத்து இறக்க வேண்டும். இறங்கிய பின் ஒரு பல்லை அணைத்து வளைத்து, முரசின் ஓரத்துக்குச் சற்றுக் கீழே வரை விட்டு, அந்தப் பல்லோடு ஒட்டியபடியே மேலே கொண்டுவர வேண்டும். பிறகு அதே சந்தில் அடுத்த பல்லை அணைக்க வேண்டும். ஒவ்வொரு சந்துக்கும் நூலின் புதுப் பகுதி. காலர் மடிப்பை ஊசி முனையால் தள்ளித் திருப்புவோமே, கிட்டத்தட்ட அந்த நிதானம்தான்.

முதல் கிழமை முழுக்க இரத்தம். மனைவி பயந்துவிட்டாள். “நல்லா இருந்த வாயைக் குத்திக் கிளறாதீர்கள், விட்டுவிடுங்கள்” என்றாள். நானும் விட்டிருப்பேன், 850 ரூபாய்தான் விடவில்லை. இரண்டாம் கிழமையில் பெரும்பாலான சந்துகளில் இரத்தம் நின்றது. நூலை மூக்கருகே கொண்டுபோனால் வரும் நாற்றமும் குறைந்தது. ஆனால் மூன்று இடங்களில் மட்டும் நிற்கவே இல்லை: கீழே அந்தப் பழைய இறைச்சிச் சந்து, மேலே இடப்பக்கக் கடைவாய், மேலே முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில்.

இங்கே ஒரு பழைய சந்தேகமும் தீர்ந்தது. 2021இல் பீடியை விட்டேன். விட்ட சில மாதங்களில் பல் துலக்கும்போது இரத்தம் வர ஆரம்பித்தது. பீடி இருந்தவரைக்கும் வாய் நன்றாக இருந்ததே என்று அப்போது மனதுக்குள் சலித்துக்கொண்டேன். உண்மை நேர்மாறு. புகை முரசின் இரத்த ஓட்டத்தை ஒடுக்கி வைத்து, உள்ளே நோய் இருந்தாலும் வெளியே இரத்தம் காட்டாமல் மறைத்துவிடுமாம். பீடியை விட்டதும் முரசு தன் நிலைமையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகும் நான்கு வருடம் அதைக் காதில் வாங்காமல் இருந்தேன்.

இரண்டாவது பொருள் மலிவான நூல். முதல் டப்பா இருக்கும்போதே, கடைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று இங்கே ஒரு கடையில் 300 ரூபாய்க்கு மெழுகில்லாத நூல் வாங்கினேன். மேல் இடப்பக்கக் கடைவாயில் இரண்டு பற்களுக்கு நடுவே ஒவ்வொரு நாளும் பிசிறியது. இழை சிக்கி உள்ளே நின்றுவிடும், அதை எடுக்க இன்னொரு நூல். நூல் சரியில்லை என்று திட்டிக்கொண்டு விலை கூடிய நூலைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அதே இடத்தில், குறைவாக என்றாலும், பிசிறியது. அப்போதுதான் தொழில் மூளை வேலை செய்தது. மெஷினில் நூல் ஒரே இடத்தில் பிய்ந்தால் நாங்கள் நூலை மாற்றுவதில்லை, ஊசிக்காதில் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். பல்லிலும் அதே கதைதான். அங்கே பழைய அடைப்பு ஒன்றின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்ததைப் பிறகு டொக்டர் எக்ஸ்ரேயில் காட்டினார். அதற்குக் கீழே காரை, அதாவது கல்லாக இறுகிய பல்லழுக்கு, கட்டிப் போயிருந்தது. ஆகவே நூல் ஒரே சந்தில் திரும்பத் திரும்பப் பிய்ந்தால், அந்தப் பல்லை யாரிடமாவது காட்டுங்கள். மலிவு நூலுக்கு நான் ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், அதிலும் ஒன்று அது எனக்கு உளவு சொன்னதற்காக.

மூன்றாம் மாதத்தில் வேறொன்றைக் கவனித்தேன். நூல் போகும் விதம் மாறியிருந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு சந்திலும் ஒரு சின்ன இறுக்கம், பிறகு வழிவிடுதல். இப்போது கீழ் முன்பற்களில் நூல் தொடும் இடத்தைத் தாண்டியதும் தளர்ந்து ஆடியது. மேல் முன்பற்களுக்கு நடுவே இறுக்கமே இல்லாமல் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் முரசுக்குக் கீழே சின்னக் கறுப்பு முக்கோணம். வீட்டுச் சுவரில் 1998ஆம் வருடக் கலியாணப் படம் தொங்குகிறது. அதை இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். படத்தில் சிரிக்கும் அந்தப் பையனுக்கு முன்பற்கள் இரண்டும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இப்போது எனக்கு அந்த இடத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசின் விளிம்பை நுழைக்கலாம். “முன்பல்லில் இடைவெளி இருந்தால் அதிர்ஷ்டம்” என்றாள் மனைவி. பிறவியிலிருந்தே இருந்தால் சரி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்து சேரும் அதிர்ஷ்டத்தை வைத்தியரிடம் காட்டுவதுதான் நல்லது.

அப்படித்தான் ஹட்டனில் ஒரு தனியார் பல் வைத்தியசாலைக்குப் போனேன். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் முதலில் குறைதான் சொல்லப் போகிறேன். நான்கரைக்கு வரச் சொல்லி இலக்கம் கொடுத்தார்கள், உள்ளே கூப்பிட்டபோது ஏழேகால். வரவேற்பில் இருந்த பிள்ளை தொலைபேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. காத்திருக்கும் இடத்தில் ஐந்து கதிரை, பதினொரு பேர். வெளியே ஹட்டன் மழை. நான் ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரத்தில் சட்டை கொடுக்காவிட்டால் ஊரெல்லாம் பேசுவார்கள். வைத்தியத்துக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஆனால் உள்ளே நடந்ததில் ஒரு குறையும் இல்லை. டொக்டர் என் மகளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருப்பார். “வாங்க ஐயா, இருங்கள்” என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்து பார்த்ததுமே, “நீங்கள் தையல் வேலையா?” என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். மேல் முன்பல்லின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதாம். வருடக்கணக்காக அதே பல்லால் நூலைக் கடித்து அறுப்பவர்களுக்கு வரும் தேய்மானம். 31 வருட அனுபவத்தை இப்படி எழுத்தில்லாமல் சான்றிதழாக வைத்திருக்கிறேன் என்று அன்றுதான் அறிந்தேன்.

பிறகு அளவெடுத்தார். இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். மில்லிமீட்டர் கோடு போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்று. அதைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல உதவிக்கு நின்ற பிள்ளை எழுதினார். நான் மார்பளவு, தோளளவு சொல்லக் கடைப் பையன் எழுதுவது போலவே. எனக்கு 26 பல். ஆகவே 156 எண்கள். “இரண்டு, மூன்று, இரண்டு... இரண்டு, இரண்டு, மூன்று...” என்று போய்க்கொண்டிருந்தது. ஒன்று முதல் மூன்று வரை நல்லது, நான்கிலிருந்து கவனிக்க வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார். இறைச்சிச் சந்துக்கு வந்ததும் “ஆறு” என்றார். இடப்பக்கக் கடைவாயில் “ஐந்து”. முன்பற்களுக்கு நடுவில் மறுபடியும் “ஆறு”. நூலில் இரத்தம் நிற்காத அதே மூன்று இடங்கள். ஏழரை ரூபாய் நூல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். நூல் போட்டுப் போட்டுத்தான் இடைவெளி பெரிதாகிவிட்டதா? இல்லை என்றார். நூல் பல்லை நகர்த்தாது, ஏற்கனவே இருப்பதை வெளியே காட்டும். பிறகு என் வாயையே படமாக வைத்து, மூன்று இடைவெளிக்கும் மூன்று காரணம் சொன்னார்.

கீழ் முன்பற்களில் இருப்பது வீக்கம் வடிந்ததால் வந்தது. வீங்கிய முரசு சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. சுத்தம் செய்யச் செய்ய அது சுருங்கி இறுகிவிட்டது, சந்து தெரிகிறது. “இது நல்ல செய்தி, ஐயா. உடம்பு மெலிந்ததும் சட்டை தொளதொளப்பது போல” என்றார். தையல்காரனுக்குத் தையல்காரன் பாஷையிலேயே சொன்னார்.

இறைச்சிச் சந்து வேறு கதை. அங்கே முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லை இருபத்தாறு வயதில் பிடுங்கிவிட்டேன். வலி போனதே போதும் என்று அப்படியே விட்டேன். பக்கத்துப் பல் இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் பல் வெற்றிடத்தை நோக்கிச் சாயும், எதிரே மேலே இருக்கும் பல் கடிக்க ஆளில்லாமல் மெல்ல இறங்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு வீடு காலியானால் இரண்டு பக்கத்துக் காம்பராக்காரரும் கொடியை நீட்டி உடுப்புக் காயப்போடுவது போலத்தான். சாய்ந்த பல்லுக்கும் அதற்குப் பின்னால் இருப்பதற்கும் நடுவே வாய் திறந்துவிட்டது. உணவு புகுந்து தங்கி, முரசைக் கெடுத்து, எலும்பையும் கரைத்திருக்கிறது.

முன்பற்கள்தான் கவலைக்குரியவை. பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்தால் நாக்கும் உதடும் கடியும் கொடுக்கும் அன்றாட அழுத்தத்துக்கே பல் இடம் மாறும், மேல் முன்பற்கள் விசிறி போல விரியும். எக்ஸ்ரேயில் எலும்பின் விளிம்பைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். இருக்க வேண்டிய கோட்டுக்கும் இருக்கும் கோட்டுக்கும் நடுவில் தெளிவான தூரம். போன எலும்பு தானாக வளராது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

“சீனி வருத்தம் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்றதும் பேசாமல் இருந்தேன். மறுநாள் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன், 168 என்று வந்தது. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். இப்போது மாத்திரை எடுக்கிறேன். பல்நூல் வாங்கியவனுக்கு நீரிழிவு கண்டுபிடித்துக் கொடுத்த பெருமை அந்த டப்பாவுக்கு உண்டு. இதைப் பெட்டியில் விளம்பரமாகப் போடலாம்.

பெயர், முகவரி எழுதும்போது பிறந்த ஊர் கேட்டார். பூண்டுலோயா, டன்சினன் தோட்டம் என்றேன். பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “டன்சினனா? உலகத்தில் பல் படிக்கும் எல்லாரும் உங்கள் தோட்டத்தைப் பற்றிப் படிக்கிறார்கள், ஐயா, தெரியுமா?” என்றார்.

தெரியாது. ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. 2009இல் காலமான என் அப்பா அடிக்கடி சொல்வார்: “அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வந்து எங்களை வரிசையில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைக் கம்பியால் அளந்தார்கள்.” எதற்கு என்று கேட்டால், “யாருக்குத் தெரியும், பல் பிடுங்காமல் விட்டார்களே” என்று சிரிப்பார். நாங்கள் அதை அப்பா கட்டிவிடும் கதைகளில் ஒன்றாகத்தான் வைத்திருந்தோம்.

கதை இல்லை. நோர்வேயைச் சேர்ந்த ஹெரால்ட் லோ என்ற பேராசிரியரின் குழு 1970இல் டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தெரிவு செய்திருக்கிறது. அப்போது 14 முதல் 31 வயது வரையானவர்கள். 15 வருடம் திரும்பத் திரும்ப வந்து ஒரே ஆட்களின் பல்லை அளந்திருக்கிறார்கள். ஒப்பிடுவதற்கு ஒஸ்லோவில் படித்தவர்கள் கொண்ட இன்னொரு குழு. பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் இல்லாவிட்டால் முரசு நோய் தன் போக்கில் எப்படி வளரும் என்பதைப் பார்ப்பதே நோக்கம். 1986இல் வெளியான முடிவில் மூன்று பிரிவுகள்: ஏறத்தாழ 8 வீதத்தினருக்குப் பல்லின் பிடிமானம் மிக வேகமாக அழிந்தது, 81 வீதத்தினருக்கு மிதமாக, 11 வீதத்தினருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டி எதுவும் போகவில்லை. 2010இல் மறுபடியும் தேடி வந்தபோது அந்த 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்திருக்கிறது. அப்பா அதற்கு முந்தைய வருடம் போய்விட்டார். அந்த 480இல் அவர் ஒருவரா, அல்லது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவரா என்று கேட்க இனி ஆளில்லை.

டொக்டர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குப் பாதிதான் பெருமை. 1948க்குப் பிறகு பிரஜாவுரிமைப் பட்டியலில் இடமில்லாமல் கிடந்த எங்கள் ஆட்களுக்குப் பற்களின் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு லயத்துக்கே ஒரு தண்ணீர்ப் பீலி, விடிவதற்குள் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு என்று இருந்தவர்களை “பல் துலக்காதவர்கள்” என்று எழுதுவது சுலபம். அப்பா விரலில் கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்ப்பார், அதை எந்தக் கட்டத்தில் போட்டார்களோ. ஆனாலும் அந்த 11 வீதத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். “என் பாட்டி பிரஷையே கண்டதில்லை, எண்பது வயதிலும் கரும்பு கடித்தாள்” என்று கடைக்கு வருபவர்கள் சொல்வார்கள். அந்தப் பாட்டி அப்படிப்பட்ட அதிர்ஷ்டக்காரராக இருந்திருப்பார். பேரனும் அந்தப் பிரிவில்தான் பிறந்தான் என்று எந்தப் பாட்டியாலும் எழுதிக் கொடுக்க முடியாது. அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் முன்பற்கள் விரிந்து, ஆடி, ஒவ்வொன்றாகப் போயின. எனக்கு இப்போது 54.

காரை எடுப்பது இரண்டு தடவையாக நடந்தது. பார்வைக்கு 1,500, காரை எடுக்க 6,000 ரூபாய். “காரை எடுத்தால் பல் ஆடும்” என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எலும்பு கரைந்த இடத்தில் அந்தக் கல்லே முட்டுக்கொடுத்தது போல நின்றிருக்கும், அதை எடுத்ததும் பல் தன் உண்மையான நிலையைக் காட்டும். கெடுத்தது கல்தான், அது போனதால் கெடவில்லை. எடுத்த அன்று கீழ் முன்பற்களுக்குப் பின்னால் நாக்கை விட்டால் வேறு யாருடைய வாயோ போல இருந்தது. வேர்ப்பகுதி வெளியே தெரிவதால் கூச்சம் வரும் என்று சொல்லியிருந்தார். வந்தது. ஹட்டனில் காலை ஆறு மணிக் குளிர்காற்றை வாயால் இழுத்தால் என்ன ஆகும் என்று இரண்டு கிழமை அனுபவித்தேன். வாயை மூடிக்கொண்டே மெஷின் மிதித்தேன். வாடிக்கையாளர்கள் நான் கோபமாக இருப்பதாக நினைத்து விலை பேசவில்லை.

மூன்றாவது பொருள்தான் இந்த மதிப்பீட்டின் கதாநாயகன். பல்லிடைத் தூரிகை. மெல்லிய கம்பியைச் சுற்றி மயிர் வைத்த, போத்தல் கழுவும் பிரஷின் குட்டிப்பிள்ளை. இறுக்கமான சந்துக்கு நூல் சரி. ஆனால் இடைவெளி பெரிதாகிவிட்டால், அதுவும் வேர்ப்பகுதி தெரியும் இடத்தில், பல்லின் பக்கம் உட்குழிந்திருக்கும். விறைப்பாகப் பிடித்த நூல் குழியின் இரண்டு கரையைத் தொட்டுவிட்டுப் பள்ளத்தைத் தொடாமல் போகும். தூரிகையின் மயிர் பள்ளத்துக்குள் இறங்கும். அளவுகளுக்கு நிறம் உண்டு, நான் வாங்கிய வகையில் சிவப்பு 0.5 மில்லிமீட்டர் கம்பி, நீலம் 0.6. டொக்டர் ஒவ்வொரு சந்தாக நுழைத்துப் பார்த்து, முன்பற்களுக்குச் சிவப்பு, இறைச்சிச் சந்துக்கு நீலம் என்று எழுதித் தந்தார். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், கம்பி பல்லில் இடிக்கக் கூடாது. ஆடைக்கு அளவு போல இதற்கும் ஆளுக்கு அளவு மட்டுமல்ல, சந்துக்குச் சந்து அளவு. நீங்களாக ஊகித்து வாங்காதீர்கள்.

ஒரு தூரிகை கழுவிக் கழுவி எனக்கு ஒரு கிழமை வருகிறது. குறை, கம்பி கழுத்தில் வளைந்து ஒடிவது. வளைந்ததை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்துவது என் போன்ற கஞ்சர்களின் வேலை. ஒடிந்த ஊசியால் துணி கிழிந்த அனுபவம் இருந்தும் அதைச் செய்தேன், முரசில் கீறியது. இனி இல்லை. தூரிகைக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் கழுத்துக் கம்பிக்காகக் கழித்திருக்கிறேன். மெழுகு நூலுக்கு நாலு. வைத்தியசாலைக்கு, உள்ளே ஐந்து, வெளியே ஒன்றரை, நீங்களே கூட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். 7,500 ரூபாய் எல்லாராலும் முடியாது என்பதும் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் கட்டணமில்லை. விடிய முன் போய் இலக்கம் எடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார். இடப்பக்கக் கடைவாயில் துருத்தியிருந்த அடைப்பைத் தேய்த்துச் சரிசெய்திருந்தார், ஐந்து மூன்றாகிவிட்டது, நூலும் இப்போது பிசிறுவதில்லை. முன்பற்களில் ஆறு நாலுக்கு வந்திருக்கிறது. இடைவெளி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வளரவில்லை. இறைச்சிச் சந்து மட்டும் ஆறிலேயே நிற்கிறது. அதற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். வேரை இன்னும் ஆழமாகச் சுத்தம் செய்யவா, முரசைத் திறந்து பார்க்கவா என்று அவர்கள் தீர்மானிப்பார்களாம். வரும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகும் முதல் கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இதற்கிடையில் இங்கே பார்மசியில் நீலத் தூரிகை முடிந்துவிட்டது. அடுத்த கிழமை வரும் என்கிறார் கடைக்காரர், போன கிழமையும் அதையேதான் சொன்னார். மகளுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன், இரண்டு பெட்டி அனுப்பச் சொல்லி. பதிலுக்கு அவளுக்கு ஒரு சல்வார் தைக்க வேண்டும். அளவு பழையதே போதுமாம், நான் நம்பவில்லை, வந்ததும் எடுக்கிறேன்.